எண்ணூர்: வட்டத்துக்கு வெளியே ஓர் ஆறு

ஆலையில் வாயு கசிந்தால் எத்தனை மீட்டர் தூரத்துக்கு உயிராபத்து என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கழிமுகம் நாசமானால் எத்தனை வருடத்துக்குப் பிழைப்பு இருக்காது என்பதற்குக் கணக்கு எங்கே?

2023 டிசம்பர் 26. இரவு பன்னிரண்டு அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. அன்றைய பொழுது சுனாமி நினைவு நாளாக விடிந்த பொழுது, பத்தொன்பதாவது வருடம். தமிழகக் கரை நெடுகக் கடலில் பாலூற்றிப் பூத்தூவி, இறந்தவர்களை நினைத்து அழுதுவிட்டு வந்து மக்கள் படுத்திருந்தார்கள். எண்ணூர் பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் அவர்களை எழுப்பியது ஒரு நெடி. மூக்கில் ஏறிய வேகத்தில் கண் எரிந்தது. தொண்டை அடைத்து, நெஞ்சு இறுகியது. கைக்குழந்தைகளைத் துணியில் பொத்திக்கொண்டு, பெரியவர்களைப் பைக்கின் நடுவில் உட்காரவைத்து, கிடைத்த ஆட்டோவில் ஏறி, ஏற முடியாதவர்கள் நடந்தே ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடல் வெள்ளையாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

கொப்பளித்த இடத்துக்கு அடியில் இருந்தது, கப்பலிலிருந்து அம்மோனியாவை ஆலைக்குக் கொண்டுவரும் கடலடிக் குழாய். அடுத்த சரக்கை இறக்குவதற்காகக் குழாயைக் குளிர்வித்துத் தயார் செய்யும் வழக்கமான வேலையின்போது உடைந்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கான குழாய். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரும் சாகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அதிகாரிகள் பெருமூச்சு விட்டிருக்கலாம். ஆலைச் சங்கு தங்களை எழுப்பவில்லை, நெடிதான் எழுப்பியது என்பது அந்த ஊர் மக்களின் புகார். அவர்களுடைய போராட்டம் அந்த விடியலில் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்தது.

அந்த இரவுக்கு மூன்று வாரம் முன்புதான் அதே பகுதியின் ஆற்றுக்குள் எண்ணெய் புகுந்திருந்தது.

எதுவும் உடையாத விபத்து

மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை வெள்ளக்காடாக்கியது. பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. புழல் ஏரியின் உபரி நீரும் மழை வெள்ளமும் மணலி வழியாக இறங்கி, பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் கலந்து, எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தன. வெள்ளத்தின் மேல் கறுப்பாக எண்ணெயும் வந்தது.

எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் அது வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் என்று ஆற்றையும் கடலையும் நம்பிய ஊர்களில் படகு, வலை, கயிறு எல்லாம் தார் பூசியதுபோல ஆயின. கடலில் எண்ணெய் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரவியதாகக் கடலோரக் காவல் படை மதிப்பிட்டது. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் எண்ணெயோடு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த படங்கள் நாடெங்கும் போயின. அதைவிட மனத்தை அறுத்த காட்சி இன்னொன்று. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது இளைஞர்கள் வாளியால் எண்ணெய்க் கசடை அள்ளினார்களே, ஏறத்தாழ ஏழு வருடம் கழித்து அதே கரையில் மீனவர்கள் மறுபடி வாளியோடும் மக்கோடும் ஆற்றில் இறங்கியிருந்தார்கள்.

மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையை நோக்கி விரல்கள் நீண்டன. ஆலையில் குழாய் எதுவும் உடையவில்லை என்றது நிறுவனம். ஆலை வளாகத்தின் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

நிறுவனத்தின் கூற்றும் வாரியத்தின் கூற்றும் ஒன்றையொன்று மறுப்பதாகப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் நம்மைப் பயமுறுத்த வேண்டும். தொட்டி வெடிக்க வேண்டாம், குழாய் பிளக்க வேண்டாம். வளாகத்து வடிகாலிலும் தரையிலும் நாள்பட்டுத் தேங்கும் எண்ணெயை ஒரு பெருமழை வழித்தெடுத்துக்கொண்டு போனால் ஓர் ஆறு நாசமாகிவிடும். தொட்டியும் குழாயும் உடைவதை மட்டுமே கற்பனை செய்து எழுதப்படும் எந்த ஆபத்து மதிப்பீட்டிலும் இப்படி ஒரு விபத்துக்கு இடமே இருக்காது.

பெட்டிச் செய்தி: அந்த டிசம்பர், எண்களில்

அம்மோனியா கசிந்த இரவில் ஆலை வாசல் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. தர அளவு 400. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 49 மில்லிகிராம். இருக்க வேண்டியது 5-க்குள். சுமார் 15 நிமிடத்தில் ஏறத்தாழ 67 டன் வெளியேறியதாக விசாரணையில் கணக்கிடப்பட்டது. ஆலைமீது வாரியம் விதித்த சுற்றுச்சூழல் இழப்பீடு 5.92 கோடி ரூபாய்.

எண்ணெய்க் கசிவுக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500.

வட்டம் எப்படி வரைகிறார்கள்?

ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் ஒரு பெரிய ஆலை வர வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். அதன் ஏழாவது அத்தியாயத்தில் ஆபத்து மதிப்பீடு வரும். வல்லுநர்கள் செய்வது இதுதான்: எந்த ரசாயனம், எவ்வளவு, எந்தத் தொட்டியில் என்று பட்டியல் போடுவார்கள். குழாயில் இவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தால், தொட்டி முழுதாகப் பிளந்தால் என்று சில கற்பனைகளை எடுத்துக்கொள்வார்கள். காற்றின் வேகமும் நிலைத்தன்மையும் என்ன என்று வைத்துக் கணினி மென்பொருளில் ஓட்டுவார்கள். வாயு எவ்வளவு தூரத்துக்கு எந்த அடர்த்தியில் போகும் என்பது கிடைக்கும். அம்மோனியா என்றால், காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு இருப்பதை உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாக அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்த அளவு எட்டும் தூரத்துக்குத் தொட்டியை மையமாக வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் விழும். வட்டத்துக்குள் எத்தனை வீடு, ஒரு வருடத்தில் ஒருவர் சாக எவ்வளவு வாய்ப்பு, பத்து லட்சத்தில் ஒன்றா, லட்சத்தில் ஒன்றா என்பதோடு அத்தியாயம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கை நான் குறைத்துப் பேசவில்லை. போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு ஏறத்தாழ 40 டன் மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, இப்படி ஒரு வட்டத்தை யாராவது முன்கூட்டியே வரைந்து, ஆலைச் சுவரை ஒட்டி இருந்த குடியிருப்புகளுக்குச் சொல்லியிருந்தால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்திருப்பார்கள். வட்டம் வேண்டும். ஆனால் அது காற்றில் போவதை அளக்கிறது. தண்ணீரில் போவதை அளப்பதில்லை. சில நிமிடங்களில் மனிதருக்கு நேர்வதை அளக்கிறது; சில வருடங்களில் இறாலுக்கும் அலையாத்திக்கும் நிலத்தடி நீருக்கும் நேர்வதை அளப்பதில்லை. காற்று வட்டமாகவும் நீள்வட்டமாகவும் போகலாம். எண்ணெய் வடிகாலைப் பிடித்துக்கொண்டு கால்வாய் போகும் பாதையில் பல கிலோமீட்டர் போகும்.

எண்ணூர்க் கடலடிக் குழாய் ஏன் உடைந்தது என்று விசாரித்த தொழில்நுட்பக் குழு சொன்ன காரணமும் இதே இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டுவருகிறது. மிக்ஜாம் புயல் கடலடியில் இருந்த கருங்கற்களை நகர்த்தியிருக்கிறது. அவை குழாயைச் சேதப்படுத்தியிருக்கின்றன. ஆற்றில் எண்ணெய் வந்ததற்கும் கடலில் அம்மோனியா வந்ததற்கும் பின்னால் இருந்தது ஒரே புயல். டெக்சாஸில் 2017-ல் ஹார்வி புயல் வெள்ளம் ஓர் ஆலையின் மின்சாரத்தைத் துண்டித்தது. குளிர்நிலையிலேயே வைத்திருக்க வேண்டிய பெராக்சைடுகள் சூடேறித் தீப்பற்றின. இயற்கைச் சீற்றமும் ஆலை விபத்தும் சேர்ந்து வருவது அபூர்வமில்லை. வடகிழக்குப் பருவமழை வருடம் தவறாமல் வரும் ஊரில், புயல் நாளை விட்டுவிட்டுச் சாதாரண நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரைன் சிவந்த நாள்

தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பா கற்றுக்கொண்டது ஒரு தீயணைப்பில்தான். 1986 நவம்பர் 1 அதிகாலை, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் பாய்ச்சிய தண்ணீர் பூச்சிக்கொல்லிகளைக் கரைத்துக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது. சுமார் 30 டன் நஞ்சு. கூடவே போன சாயத்தால் ஆறு சிவந்து ஓடியது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் மடிந்தன. சுமார் ஒன்றரை லட்சம் என்று கணக்கு.

அந்தத் தீயில் யாரும் சாகவில்லை. உயிர்ச்சேதக் கணக்கில் பார்த்தால் பூஜ்யம். ஆனாலும் ரைன் கரை நாடுகள் அதைப் பேரழிவு என்றே எடுத்துக்கொண்டன. தீயணைத்த நீரைத் தேக்கிவைக்கத் தொட்டி கட்டாமல் ரசாயனக் கிடங்கு வைக்கக்கூடாது என்ற பாடம் அங்கிருந்து வந்தது. அடுத்த வருடமே, 2000-க்குள் ரைனில் சால்மன் மீன் திரும்ப வர வேண்டும் என்று இலக்கு வைத்து ஒரு செயல்திட்டம் போட்டார்கள். ஆறு குணமாகிவிட்டதா என்பதை மீன் வந்து சொல்ல வேண்டும் என்று அரசுகள் ஒப்புக்கொண்டதை நினைக்கையில் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பெட்டிச் செய்தி: எது பெரும் விபத்து?

இத்தாலியின் செவெசோ ஊரில் 1976 ஜூலையில் டையாக்சின் நச்சு பரவிய பிறகு வந்த ஐரோப்பியச் சட்டத்துக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. இன்று நடைமுறையில் உள்ள அதன் 2012-ஆம் ஆண்டு வடிவத்தில், மனித உயிர்ச்சேதம் இல்லாவிட்டாலும் பெரும் விபத்தாக ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய சுற்றுச்சூழல் அளவுகள் இருக்கின்றன. ஆறு அல்லது கால்வாய் 10 கிலோமீட்டருக்குக் குறிப்பிடத்தக்க சேதமடைந்தால் போதும். குளம் என்றால் ஒரு ஹெக்டேர். கழிமுகம் 2 ஹெக்டேர். கடற்கரை அல்லது கடல் 2 ஹெக்டேர். நிலத்தடி நீர் ஒரு ஹெக்டேர்.

இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளும் சுற்றுச்சூழலுக்குப் பாதகம் விளைவிக்கும் கசிவைப் பெரும் விபத்து என்றே சொல்கின்றன. எவ்வளவு ஆறு, எவ்வளவு கரை என்ற அளவு மட்டும் அதில் இல்லை. அளவில்லாததால் வாதாடிக்கொண்டே இருக்கலாம்.

சேற்றுக்குள் போன எண்ணெய்

நீர்ப்பரப்பில் படலம் தெரியும் வரை படகுகள் வரும், உறிஞ்சும் இயந்திரங்கள் வரும், கேமராக்கள் வரும். படலம் கண்ணுக்கு மறைந்ததும் சுத்தம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பும் வரும். கழிமுகத்தில் விபத்தின் இரண்டாம் பாகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அலையாத்தி மரங்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களால் சுவாசிப்பவை. அந்த வேரின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் மரம் உடனே சாயாது. இலை உதிரும், கன்று முளைக்காது, ஒரு பருவம் கழித்துப் பட்டுப்போகும். விபத்துக்கு மறுமாதம் வந்து எண்ணிப் பார்ப்பவருக்கு மரங்கள் நின்றுகொண்டிருக்கும். சேதம் குறைவு என்று எழுதிவிட்டுப் போவார்.

சேற்றின் கதை இன்னும் நீளமானது. நண்டு வளைகள் வழியாக எண்ணெய் அடிச்சேற்றுக்கு இறங்கிவிடும். அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. எண்ணெயை வேகமாகத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்ய முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1969-ல் ஒரு டீசல் ஏற்றிய படகு தரைதட்டி வெஸ்ட் ஃபால்மவுத் சதுப்பில் எண்ணெய் கொட்டியது. முப்பது வருடத்துக்குப் பிறகு உட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தார் தோண்டிப் பார்த்தார்கள். சில அங்குல ஆழத்தில் எண்ணெய் அப்படியே இருந்தது. அந்தச் சதுப்பின் நண்டுகள் எண்ணெய் இருக்கும் ஆழம் வரைக்கும் வளை தோண்டுவதில்லை. பாதியில் பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றன.

எண்ணூர்க் கழிமுகத்தில் ஃபைபர் படகும் எஞ்சினும் வைத்திருப்பவர்கள் ஒருசாரார். இன்னொருசாரார் இருளர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள். எஞ்சின் இருப்பவர் ஆறு கெட்டால் கடலுக்குப் போகலாம். கையால் தடவிப் பிடிப்பவருக்கு அந்தச் சேற்றைவிட்டால் போக்கிடமில்லை. அவர் வலைக்கும் படகுக்கும் நிவாரணம் கேட்க முடியாது. அவரிடம் அவை இல்லை. எண்ணெய் கலந்த சேற்றைத் தினமும் தொடுவது அவர் தோல்தான். ஆற்றில் மடவையும் இறாலும் நண்டும் முன்போல் கிடைத்தாலும் எண்ணூர் மீன் என்றதும் வாங்குபவர் முகம் சுளித்தால், கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் பெண்ணுக்கு அதுவும் விபத்தின் சேதம்தான்.

அம்மோனியாவின் சேதம் வேறு வகை. தண்ணீரில் அது சட்டென்று கரைந்துவிடும், அலை வாரிக்கொண்டு போய்விடும் என்ற ஆறுதல் பாதிதான் உண்மை. நீரில் கரைந்த அம்மோனியாவின் ஒரு பகுதி மீனின் செவுளை ஊடுருவும் வடிவத்தில் இருக்கும். தண்ணீர் காரத்தன்மையாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்க இருக்க அந்தப் பகுதி கூடும். நம்முடைய கடல் அப்படிப்பட்டது. கசிந்த இடத்தைச் சுற்றி மீன்களின் முட்டையும் குஞ்சும் என்ன ஆயின என்பது மறுநாள் கரை ஒதுங்கிய செத்த மீன்களை எண்ணினால் தெரியாது.

எனவே ஆலைக்கு அனுமதி கொடுக்கும் முன்பே சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இங்கே கொட்டினால் எந்த வடிகால் வழியாக எந்த நீர்நிலைக்கு எத்தனை மணி நேரத்தில் போய்ச்சேரும்? வழியில் எங்கே மறிக்கலாம்? போய்ச்சேரும் இடத்தில் என்ன உயிர்கள், யாருடைய தொழில்? எத்தனை வருடத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்? பிரிட்டனில் பெரும் ஆலைகள் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. சேதம் எவ்வளவு என்பதோடு, மீள எவ்வளவு காலம் என்பதும் சேர்ந்துதான் அங்கே ஆபத்தின் அளவு. இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. விபத்துக்கு முந்தைய ஆற்றின் நிலை என்ன என்ற பதிவு தேவை. எத்தனை வகை மீன், எந்த மாதத்தில் எவ்வளவு பாடு, சேற்றில் ஏற்கெனவே எவ்வளவு எண்ணெய் என்று முன்கூட்டியே அளந்து வைக்காத ஊரில், விபத்துக்குப் பிறகு எல்லாச் சேதமும் பழைய சேதமாகிவிடும். அது ஆலைகளுக்கு வசதி.

விசாகப்பட்டினத்தில் ஊமையான சங்குகள்

எச்சரிக்கை ஏற்பாடு இருந்தும் உயிர் போன கதை நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 2020 மே 7 அதிகாலை, ஊரடங்குக்குப் பிறகு இயங்கத் தயாராகிக்கொண்டிருந்த எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் தொட்டி சூடேறிப் பொங்கியது. ஆர்.ஆர்.வெங்கடாபுரம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடித் தெருவில் சுருண்டு விழுந்தார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு விசாரித்தது. தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும் வெப்பம் அளந்திருக்கிறார்கள். மேல்பகுதி கொதித்தது தெரியவில்லை. வளாகத்தில் 36 இடங்களில் எச்சரிக்கை மணி ஒலிக்கும் வசதி இருந்தது. ஒன்றுகூட ஒலிக்கப்படவில்லை.

தனித்தனி ஆலை, ஒரே ஊர்

மணலியிலிருந்து எண்ணூர் வரை பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், பெட்ரோ ரசாயனம், அனல் மின்சாரம், சாம்பல் குட்டைகள், நிலக்கரி இறக்கும் துறைமுகங்கள், சரக்குப் பெட்டகக் கிடங்குகள் என்று வரிசை கட்டியிருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2018 மதிப்பெண்ணில் மணலிக்கு 84.15. எழுபதைத் தாண்டினாலே மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி. அந்த மதிப்பெண்கூட அன்றாட மாசுக்கானது. விபத்து ஆபத்துக்கானது இல்லை.

ஒவ்வோர் ஆலையும் தன் சுவருக்குள் இருப்பதை வைத்துத் தன் வட்டத்தை வரைகிறது. பக்கத்து ஆலையின் தீ இங்கே தாவினால் என்ன ஆகும், இரண்டு ஆலைகளின் கழிவு ஒரே கால்வாயில் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை முழுப் பகுதிக்கும் சேர்த்துப் பார்க்க ஒரு கண் வேண்டும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து நகரத்தின் பாதியைச் சிதைத்த பிறகுதான், மணலியின் ஒரு கிடங்கில் 2015-ல் சுங்கத்துறை கைப்பற்றிய அதே ரசாயனம் ஏறத்தாழ 700 டன், 37 பெட்டகங்களில், ஐந்து வருடமாகக் கிடக்கிறது என்பது சென்னைக்குத் தெரியவந்தது. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஐந்து வருடத்தில் அந்தப் பகுதியில் எழுதப்பட்ட ஆபத்து மதிப்பீடுகளில் எத்தனை இந்த 700 டன்னைக் கணக்கில் எடுத்திருக்கும்?

நிலைமை வடசென்னையோடு நிற்கவில்லை. நாகூர் பட்டினச்சேரியில் 2023 மார்ச்சில் கரையோரம் பதித்த கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து கடலில் கலந்தது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியபோது, பிளாஸ்டிக் குருணைகள் குமரி மாவட்டக் கரை வரை ஒதுங்கின. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கி நீர்கொழும்புக் கரையைக் குருணையால் மூடிய அனுபவம் கண்ணெதிரே இருந்தும், நம் கரை ஊர்களில் குருணையை அள்ள முறமும் சல்லடையுமே கருவிகள். இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அந்தக் கப்பல் தரப்பு நூறு கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு கடலின் சேதத்துக்கு அப்படி ஒரு தொகையை எழுதும் துணிச்சல் பக்கத்தில்தான் இருக்கிறது.

12,500 ரூபாய்க்கு எத்தனை நாள்?

ஆபத்தை முன்கூட்டி அளக்காததன் விலை, இழப்பீடு கொடுக்கும்போது தெரிகிறது. எண்ணெய்க் கசிவுக்கு ஒரு மீனவக் குடும்பத்துக்குக் கிடைத்தது 12,500 ரூபாய். அவசர உதவி என்ற அளவில் அரசு அதைச் சீக்கிரம் கொடுத்தது நல்லது. ஆனால் அது எத்தனை நாள் பாட்டுக்கான தொகை, எந்தக் கணக்கின்படி என்று யாரிடமும் விடை இல்லை. ஆறு எப்போது மீளும் என்று தெரியாதபோது இழந்த நாட்களை எண்ணுவது எப்படி?

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1985-ல் டில்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் செய்பவர் விபத்துக்கு எந்தச் சாக்கும் சொல்லித் தப்ப முடியாது, பொறுப்பு முழுவதும் அவருடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புயல் வந்தது, வெள்ளம் வந்தது என்ற வாதமும் அதில் அடக்கம் என்பது என் வாசிப்பு. பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991-ல் வந்தது. அதில் ஓர் உயிருக்கு எழுதிய 25,000 ரூபாய் முப்பது வருடத்துக்கும் மேல் அப்படியே கிடந்து, அண்மையில்தான் உயர்ந்தது. கழிவை அகற்றுவதிலும் இதே தாமதம்தான்: போபால் ஆலை வளாகத்தில் மிஞ்சிய 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரி முதல் வாரத்தில்தான் அங்கிருந்து லாரி ஏறியது. நாற்பது வருடம் கழித்து.

பெட்டிச் செய்தி: அம்மோனியா கசிந்தால்

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். கொடி, மர இலை, புகை எதுவானாலும் காட்டும். நெடி வரும் திசைக்குக் குறுக்காக நகர்ந்து, பிறகு காற்று வரும் பக்கமாக விலகிப் போங்கள். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயு கூடவே வரும். துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்; அம்மோனியா தண்ணீரில் கரையும். கண் எரிந்தால் கசக்காமல் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவுங்கள். வெளியேற முடியாவிட்டால் கதவு, ஜன்னலை அடைத்து இடுக்குகளில் ஈரத்துணி செருகுங்கள்; மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். கடலோரம் கசிந்தால் தண்ணீர் கொப்பளிக்கும் இடத்தை வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

அந்த நாற்காலியில் யார்?

மேலே பெட்டியில் இருப்பதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது பத்திரிகை இல்லை. 1989 விதிகளின் 15-ஆம் விதிப்படி, பெரும் விபத்தால் பாதிக்கப்படக்கூடிய தூரத்தில் வசிப்பவர்களுக்கு என்ன ஆபத்து, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று ஆலை நிர்வாகமே தெரிவிக்க வேண்டும். ஆலைக்குள்ளான அவசரத் திட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. ஆலைக்கு வெளியே ஊருக்கான திட்டத்துக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை. 2023 டிசம்பர் இரவில் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றவர்களுக்கு அந்த ஒத்திகை போய்ச்சேரவில்லை.

இதைவிட முக்கியமான ஒரு கதவு 1996-ஆம் ஆண்டின் ரசாயன விபத்து விதிகளில் இருக்கிறது. தொழிற்பகுதி ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் நெருக்கடிக் குழு அமைக்க வேண்டும். வருவாய்த்துறை அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அலுவலர், காவல் நிலைய ஆய்வாளர் ஆகியோரோடு ஊர்த் தலைவர்கள், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, வட்டாரத்து மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள், உள்ளூர்ச் செய்தித்தாள் ஆசிரியர் வரை அதில் இடமுண்டு. மாதம் ஒருமுறை கூட வேண்டும். மக்கள் கேட்டால் தகவல் தர வேண்டும். இதை எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள்.

எண்ணூர் உர ஆலைக்கான தீர்ப்பாய நிபந்தனைகளும் புதிய குழாயும் கருவிகளும் பேசப்பட்டுவிட்டன. 2024 டிசம்பரில் அனல் மின் நிலைய விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டமும் அங்கே நடந்தது. ஆலைகள் வருவது நிற்கவில்லை. ஆகவே சென்னை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில், தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவாகவாவது, கேட்க வேண்டியவை இவை: மணலி - எண்ணூர் உள்ளூர் நெருக்கடிக் குழு கடைசியாகக் கூடியது எந்தத் தேதியில்? அதில் ஆற்று மீனவர்களின் பிரதிநிதி யார், இருளர்களின் பிரதிநிதி யார்? ஊருக்கான அவசரத் திட்டத்தில், பக்கிங்ஹாம் கால்வாயில் எண்ணெயை எந்தப் பாலத்தடியில், எந்தத் தடுப்பு மிதவையால், எத்தனை மணி நேரத்துக்குள் மறிப்பதாக எழுதியிருக்கிறது? 40 சென்டிமீட்டர் மழை கொட்டும் நாளில் அந்த மிதவையைத் தண்ணீரில் இறக்கப்போகிறவர் யார், அவர் தொலைபேசி எண் என்ன?